முட்டையின் மேல்பக்கம்

வீட்டில் மணி ஏழு. ஓணான் அறையில் ஆறு.

மார்ச் மாதம் கோடை நேரத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியபோது, அந்த அறையின் விளக்குகளை இயக்கும் சின்னக் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. தொடுகிறவர் ஜனவரியில் இறந்துவிட்டார். வெண்டெல் வைத்துவிட்டுப் போன நேரத்துக்கே விளக்குகள் எரிந்தன, அணைந்தன.

நோரீன் காபிக் கோப்பையோடு கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே டிக் என்று ஒரு சத்தம். கதவின் அடியில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. பிறகுதான் திறந்தாள்.

பதினான்கு வருடம் இந்தக் கதவு அவளுக்கு மூடியே இருந்தது. தூசி வரும், சூடு போகும் என்பார் அவள் கணவர் வெண்டெல். எண்ணெய்க் கிணற்று வேலை முடிந்து வருவார். கை கழுவுவார். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். எப்போதாவது கூப்பிடுவார்.

"நோரீன், விளக்கைப் பிடி."

பெண் ஓணான் மணலைத் தோண்டி முட்டை இட்டிருக்கும். அவர் ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவள் டார்ச் பிடிக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே முட்டையின் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். இது கோழி முட்டை போல இல்லை, புரட்டக் கூடாது. குஞ்சு மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. புள்ளி கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும்.

எல்லா முட்டைகளுக்கும் புள்ளி வைத்ததும், "போதும்" என்பார். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே வருவாள்.

இப்போது சுவரோரம் அடுக்கிய தொட்டிகளில் தாடி ஓணான்கள் ஒவ்வொன்றாகச் சூடு விளக்கின் அடியில் வந்து தட்டையாகப் படுத்தன. கீழ்வரிசையில் டாலி முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டியது. நோரீனும் கையை ஆட்டினாள். அது வணக்கம் இல்லை, 'என்னை ஒன்றும் செய்துவிடாதே' என்று சொல்கிறது என வெண்டெல் ஒருமுறை சொல்லியிருக்கிறார். தெரிந்தும் தினமும் ஆட்டினாள்.

அறைக் கோடியில் ஒரு பழைய சின்ன ஃப்ரிட்ஜ். குளிரூட்டும் பாகத்தைப் பிடுங்கிவிட்டு, வெண்டெல் அதை முட்டை பொரிக்கும் அடைப்பெட்டியாக மாற்றியிருந்தார். உள்ளே மூடி போட்ட ஒரு டப்பா. ஈர மண்துகள்களில் பாதி புதைந்து, பென்னி என்ற பெண் ஓணானின் முட்டைகள்.

அவர் தேடியது ஒரு நிறம்.

சிவப்பு ஓணான் பலரிடம் உண்டு. ஆனால் முதுகில் கோடும் புள்ளியும் இருக்கும். கோடே இல்லாத ஓணானும் உண்டு. அது வெளுத்த சாம்பல். ஒரு கோடு கூட இல்லாத முழுச் சிவப்புதான் அவருக்கு வேண்டும். கோடற்ற குணத்தை வெளியே காட்டாமல் உள்ளே சுமக்கிற சிவப்பு ஆணும் சிவப்புப் பெண்ணும் சேர்ந்தால் நாலில் ஒன்று அப்படிப் பிறக்கலாம். எது சுமக்கிறது என்று பார்த்தால் தெரியாது. குஞ்சு வந்தால்தான் தெரியும்.

டிசம்பரில் கடைசியாக ரஸ்ட்டி என்ற ஆணையும் பென்னியையும் சேர்த்தார். முதல் முட்டைகள், அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், மின்சாரம் போய்க் குளிரில் அழிந்தன. பிப்ரவரியில் ரஸ்ட்டி செத்தது. இனி ஒன்றும் இல்லை என்று எல்லாரும் நினைத்தபோது மார்ச்சில் பென்னி மறுபடி மணலைத் தோண்டியது. ஒரே சேர்க்கையின் உயிரணுவைப் பெண் ஓணான் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும் என்று மகன் கர்ட்டிஸ் போனில் சொன்னான். நோரீன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தனியாக முட்டைகளை எடுத்தாள். புள்ளி வைத்தாள்.

இவைதான் கடைசி. போன வாரம் சமையலறை மேசையில் அவளே பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். "சனிக்கிழமை மதியம் பன்னெண்டுக்குள்ள ஒண்ணாவது பொரிச்சா அறை இருக்கும், நானும் இங்கதான் இருப்பேன். இல்லேன்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. நான் டார்லாவோட போயிடறேன்."

இன்று சனிக்கிழமை.

அடைப்பெட்டியைத் திறந்தாள். டப்பாவின் மூடியில் ஆவி படிந்திருந்தது. மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

முட்டைகள் குழிந்திருந்தன. நேற்றுவரை உருண்டு விறைப்பாக இருந்தவை. இப்போது ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அழுத்தியதுபோல ஒரு பள்ளம்.

புள்ளிகள் மேலே பார்த்தபடி இருந்தன. அது போதும் என்று மூடினாள்.

*

மகள் டார்லா குளியலறைக் கண்ணாடி முன் நின்றாள். ஒரு புருவம் வரைந்திருந்தது. இன்னொன்று இல்லை. கையில் புருவப் பென்சில்.

அதன் முனை மழுங்கியிருந்தது. போன வாரம் வியாழக்கிழமை மழுங்கியது.

அன்று அம்மா சாமான் வாங்கப் போயிருந்தாள். அறையைச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று டார்லா அந்தச் சின்ன ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. டப்பா சரிந்து அவள் மடியில் விழுந்தது. மூடி கழன்று முட்டைகள் உருண்டு டப்பாவின் ஒரு மூலையில் குவிந்தன. ஒன்றும் உடையவில்லை. நல்ல வேளை என்று நினைத்தாள். ஒட்டியிருந்த துகள்களை ஈரத்துணியால் துடைத்தாள். அழுக்கையும் துடைத்தாள். வரிசையாக, அழகாக, திரும்ப வைத்தாள்.

சாயங்காலம் அண்ணனிடம் போனில் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். முட்டையில் பென்சிலால் என்னவோ இருந்ததே, எதற்கு அது? கர்ட்டிஸ் சொன்னான்.

அவள் அறைக்குப் போய் ஒவ்வொரு முட்டையிலும், மேலே எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம், ஒரு புள்ளி வைத்தாள். கைப்பையில் இருந்தது இந்தப் பென்சில்தான்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அம்மா அவளிடம் ஒரு கேள்வி கேட்டாள். "உங்க ஊர் பாய்சில குளிர் ரொம்ப இருக்குமா?" அதைக் கேட்டதும் டார்லாவுக்குள் ஏதோ லேசானது. அது என்ன என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க இந்த ஒரு வாரமும் பாத்திரம் தேய்த்தாள், அலமாரி ஒழித்தாள்.

பாய்சியில் அவள் வீட்டில் ஒரு அறை காலியாக இருந்தது. கணவன் பிரெண்ட் பிரிந்து போன பிறகு காலியானது. அதற்கு வெளிர்மஞ்சள் அடித்திருந்தாள். வேலையிலிருந்து வந்ததும் டிவியைப் போடுவாள். பார்க்க இல்லை. யாராவது பேசட்டும் என்று.

இன்னொரு புருவத்தை வரைந்தாள். பென்சிலைப் பைக்குள் அடியில் போட்டாள்.

சமையலறையில் நோரீன் பிஸ்கட் மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தூங்கினியா?"

"எங்க தூங்கறது? சுவத்துக்கு அந்தப் பக்கம் கரப்பான் ஊர்வலம் போகுது."

"டப்பாவுலதான் இருக்கு. ஓணானுங்களுக்குத் தீனி."

"ஊர்ல எல்லாரும் கரப்பானுக்கு மருந்து அடிக்கறாங்க. இங்க அதுக்கு கேரட் நறுக்கிப் போடறோம்." டார்லா காபி ஊற்றிக்கொண்டாள். "அப்பா உனக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கித் தந்திருக்கலாம்மா."

"கேட்டேன். முடி உதிரும், அறைக்குள்ள பறக்கும்னாரு."

"பூனை?"

"அதையும் கேட்டேன். ஓணானைப் பாத்து நாக்கைச் சப்புக் கொட்டும்னாரு."

டார்லா சிரித்தாள். நோரீனும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

"முட்டை குழிஞ்சிருக்கு" என்றாள் நோரீன்.

டார்லாவின் கோப்பை பாதி வழியில் நின்றது. "அப்படின்னா?"

"உங்கப்பா சொல்வாரு. வெடிக்கறதுக்கு முன்னாடி குழியும். செத்துப்போனாலும் குழியும்."

"எதுன்னு எப்படித் தெரியும்?"

"வேர்க்கணும். உசிரு இருந்தா மேல முத்து முத்தா வேர்க்கும். அப்புறம் கிழிக்கும்."

"வேர்த்திருக்கா?"

"இன்னும் இல்ல."

டார்லா கோப்பையைக் கீழே வைத்தாள். "வேர்க்கலேன்னாலும் பரவால்லம்மா. அந்த ரூம்ல காலைல நல்லா வெயில் வரும். ஜன்னல்ல நின்னா மலை தெரியும்."

"நீ சொன்னே."

"பக்கத்துல சர்ச் இருக்கு."

"அதையும் சொன்னே." நோரீன் மாவை மடித்தாள். "டார்லா, நான் வந்தா நீ எனக்காக சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு இல்ல. வேலை முடிஞ்சு நீ எங்கேயும் போகலாம். நான் உள்ளேயே இருந்துக்குவேன். எனக்குப் பழக்கம்."

டார்லா கோப்பையை மேசையில் தள்ளி வைத்தாள். மூடிய கதவுக்கு வெளியே இருந்து பழகியவள், கதவை மூடிக்கொண்டு உள்ளே இருக்கத் தயாராகிறாள். அதற்காகவா அந்த அறைக்கு மஞ்சள் அடித்தாள்?

*

பகல் உச்சிக்கு வந்தது. ஆயில்டேல் தெருக்களில் ஒரு ஆள் இல்லை. கர்ட்டிஸின் டிரக் வாசலில் நின்றது. பின்னால் காலி டப்பாக்கள். பக்கத்து இருக்கையிலிருந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார் வான். ஓணான் கண்காட்சிகளில் வெண்டெலுக்கு அடுத்த மேசை போடுகிறவர். அவர்தான் எல்லா ஓணான்களையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னவர்.

"நோரீன், சாவுக்கு வர முடியல. மன்னிச்சுக்குங்க. டெக்சாஸ்ல இருந்தேன்."

"பூ வந்தது வான். பெரிசா இருந்தது."

"பெரிசா வேணும்னு நான்தான் சொன்னேன். சின்னதா அனுப்பினா எந்திரிச்சு வந்து திட்டுவாரு."

கர்ட்டிஸ் பிஸ்கட் தட்டில் கை வைத்தான். "அம்மா, ஆச்சா?"

"சாப்பிடு முதல்ல."

"பொரிச்சுதான்னு கேட்டேன்."

"குழிஞ்சிருக்கு."

கர்ட்டிஸின் பார்வை வானிடம் போனது. வான் தொப்பியின் ஓரத்தைத் தடவினார்.

மூன்று பேரும் அறைக்குள் போனார்கள். டார்லா வாசல்நிலையில் நின்றாள். வான் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தார். கையை உள்ளே விட்டு அள்ளி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் தொடும் விதம் வெண்டெல் தொடும் விதமாகவே இருந்தது. வயிற்றுக்கு அடியில் முழுக் கையும் கொடுத்து. நோரீன் வேறு பக்கம் பார்த்தாள்.

"இந்தச் சிவப்பை வெண்டெல் சிவப்புன்னே சொல்றாங்க இப்ப" என்றார் வான். "ஜெர்மனிக்காரன் ஒருத்தன் அதே பேர்ல கேட்டான்."

"என் பசங்க பேரு அப்பாவுக்கு மாறிப்போகும்" என்றான் கர்ட்டிஸ். "பெரியவனைச் சின்னவன் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. பென்னியோட பாட்டி பேரு மட்டும் மாறவே மாறாது."

"அது என்ன பேரு?" டார்லா கேட்டாள்.

"ரூபி" என்று கர்ட்டிஸும் நோரீனும் சேர்ந்து சொன்னார்கள்.

வான் சிரித்தார். அடுத்த தொட்டியில் குனிந்தவர் நிமிர்ந்தார். சிரிப்பு போயிருந்தது. "இதுல ரெண்டு இருக்கே?"

"துணைக்கு" என்றாள் நோரீன். "அந்தச் சின்னது தனியா மூலையிலேயே கெடந்தது. ரெண்டையும் சேத்து விட்டேன். பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டுதான் படுக்குது."

பெரிய பெண் ஓணான் சின்னதன் முதுகின்மேல் கால்களைப் பரப்பிக் கண்ணை மூடிக் கிடந்தது.

"எத்தனை நாளா அம்மா?" கர்ட்டிஸ் கேட்டான்.

"ஈஸ்டர்லேர்ந்து. ஏன்?"

"அது ஒட்டிக்கறது இல்லம்மா. விளக்குச் சூடு முழுக்க மேல இருக்கறதுக்குப் போகுது. கீழ இருக்கறதுக்குச் சூடே கிடைக்காது. சூடு இல்லாட்டி தின்னது செரிக்காது. அப்படியே காஞ்சு போகும்."

வான் சின்ன ஓணானை மெதுவாக வெளியே எடுத்தார். அதன் வால் அடியில் எலும்பு புடைத்துத் தெரிந்தது.

"இதுங்க தனியாவே இருக்கறதுங்க நோரீன்" என்றார். "தனியா இருந்தாதான் நல்லா இருக்கும்."

"எனக்கு யாரும் சொல்லல."

"சொல்லியிருக்கணும்" என்றான் கர்ட்டிஸ். அவன் குரல் தணிந்தது. "ஞாயித்துக்கிழமை வந்து கீழ்வரிசை கழுவிட்டு ஓடிடறேன். மேல பாக்கறதில்ல. பாத்திருக்கணும்."

நோரீன் கை நீட்டினாள். வான் ஓணானை அவள் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை. அவள் அதை ஒரு காலித் தொட்டியில், விளக்குக்கு நேர் கீழே வைத்தாள். அது நகரவில்லை. முன்னங்காலை மட்டும் தூக்கி ஆட்டியது.

இந்த முறை அவள் கையை ஆட்டவில்லை.

"அம்மா" என்றான் கர்ட்டிஸ். "மணி பன்னெண்டாச்சு."

"இங்க இன்னும் பதினொண்ணுதான்."

வான் சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இந்த அறைக்குப் பன்னெண்டு ஆகட்டும்" என்றாள் நோரீன். "அதுவரைக்கும் டப்பா எதுவும் உள்ள வர வேண்டாம். அவர் வச்ச நேரம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு உண்டு."

"தாராளமா" என்றார் வான். "நான் டிரக்ல ஏசி போட்டு உக்காந்திருக்கேன்."

*

வாசல் படியில் நிழல் ஒரு முழம்தான் இருந்தது. கர்ட்டிஸ் அதில் உட்கார்ந்திருந்தான். டார்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாய்சில ரூம் ரெடியா?"

"ரெடி."

"நீ பண்றது நல்லதுதான் பாப்பா. அம்மா இங்க தனியா இருந்தா ஓணானுக்குத் துணை தேடிக்கிட்டே இருப்பா."

டார்லா முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "முட்டை புரண்டா செத்துடும்னு சொன்னியே அன்னிக்கு. எப்பவுமேவா?"

"ஆரம்பத்துலன்னா செத்துரும். கடைசில புரண்டா உசிரு இருக்கலாம்." அவன் காலடியில் ஒரு கல்லை எடுத்துப் புரட்டிக் காட்டினான். "ஆனா குஞ்சுக்கு மேல எது கீழ எதுன்னு குழம்பிடும். கீழ்ப்பக்கமாக் கிழிச்சா மூக்கு மண்ணுக்குள்ள போகும். வெளிய வரத் தெரியாது. அப்பாவுக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு. ரெண்டு நாள் சாப்பிடல."

டார்லா அந்தக் கல்லையே பார்த்தாள்.

"ஏன் கேக்கற?"

"சும்மா."

கர்ட்டிஸ் அவளைப் பார்த்தான். சின்ன வயதில் அவள் எதையாவது உடைத்துவிட்டு இதேபோல முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கழுத்து சிவந்தது.

"போன்ல அன்னிக்கு 'இருந்ததே'ன்னுதான் கேட்டே" என்றான். "'இருக்கே'ன்னு கேக்கல."

"அழுக்குன்னு நினைச்சேன் கர்ட்டிஸ்."

அவன் கல்லைக் கீழே போட்டான்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

டிரக்கின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வான் இருக்கையில் தலை சாய்த்திருந்தார். தெருக்கோடியில் எண்ணெய் இறைக்கும் இயந்திரம் தலையை ஆட்டி ஆட்டி இறைத்தது.

"இப்பவே போய் அம்மாகிட்ட சொல்லணும்" என்றான் கர்ட்டிஸ்.

"சொல்லணும்."

"இன்னும் நேரம் இருக்கு. எடுத்துப் பாக்கலாம்."

"தெரியும்."

அவன் எழுந்திருக்கவில்லை. சொன்னால் ஒன்றாவது பிழைக்கும். பிழைத்தால் அறை இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அவன் வந்து, அவனை ஒரு நாளும் உள்ளே கூப்பிடாத அப்பாவின் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருப்பான். அவளும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு மஞ்சள் அறை. இரண்டு பேரும் அந்த ஒரு முழம் நிழலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

*

நோரீன் இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தாள்.

டப்பாவை அடைப்பெட்டியிலிருந்து எடுத்து வெண்டெலின் மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். வெதுவெதுப்பான மண்வாசனை வந்தது.

முட்டைகள் வேர்த்திருந்தன.

முத்து முத்தாக. ஒன்றிரண்டு இல்லை, எல்லாமே. குழிந்த பள்ளங்களில் நீர் தேங்கியிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உயிர் இருக்கிறது. வெண்டெல், உயிர் இருக்கிறது.

பதினான்கு வருடம் அந்த மனிதரை ஒரு நிறத்துக்குக் கொடுத்திருந்தாள். சண்டை போடவில்லை. அவர் குடிக்கவில்லை, வேறு பெண்ணைத் தேடிப் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார், அவ்வளவுதான். அந்த நிறத்தை அவர் பார்க்காமலே போய்விட்டார். அவரைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்று அவளாவது ஒருமுறை பார்க்க வேண்டும்.

பிறகுதான் புள்ளிகளைப் பார்த்தாள்.

அவை கரைந்திருந்தன. வேர்வையில் இளகி, முட்டையின் வெள்ளைத் தோலில் பழுப்பாக வழிந்திருந்தன. அவள் ஒன்றை விரலால் தொட்டாள். விரலில் பழுப்பு ஒட்டியது. மெழுகுபோல வழுக்கியது.

அவள் வைத்தது சாதாரணப் பென்சில். வெண்டெலின் சட்டைப்பையில் இருந்தது. அது கறுப்பு. கரையாது.

விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இந்தப் பழுப்பை அவளுக்குத் தெரியும். காலையில் மேசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்த நிறம். மகளின் நெற்றியில், ஒழுங்காக, இரண்டு வளைவு.

நோரீன் உட்கார்ந்தாள். எழுந்தாள்.

முதல் முட்டையின் ஓரத்தில் துகள்கள் மட்டும் ஈரமாகக் கட்டிப்பட்டிருந்தன. மேல்தோலில் கிழிசல் இல்லை. அவள் அதை இரண்டு விரலால் தூக்கினாள்.

கிழிசல் அடியில் இருந்தது.

குஞ்சின் தலை வெளியே வந்திருந்தது. மூக்கிலும் வாயிலும் துகள் அடைத்திருந்தது. அவள் ஊதினாள். ஈரத்துணி முனையால் துடைத்தாள். கிழிசலைப் பெரிதாக்கி, உடலை உள்ளங்கையில் சரித்தாள். சூடாகவே இருந்தது. அசையவில்லை.

விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

முதுகில் ஒரு கோடு இல்லை. கழுத்திலிருந்து வால் நுனிவரை ஒரு புள்ளி இல்லை. பிறக்கும்போது சிவப்பு தெரியாது, கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பார் அவர். சிவப்பு பிறகு தானாக ஏறும். இதற்கு ஏறாது.

நாலில் ஒன்று. ரஸ்ட்டி சுமந்திருக்கிறது. பென்னியும் சுமந்திருக்கிறது. அவர் நினைத்தது சரி.

அவள் குஞ்சை ஒரு கைக்குட்டையில் வைத்தாள். மூடவில்லை.

டப்பாவில் மற்ற முட்டைகள் வேர்த்துக்கொண்டிருந்தன. ஒன்று, அவள் பார்க்கும்போதே, உள்ளிருந்து லேசாகப் புடைத்து அடங்கியது. எந்தப் பக்கம் கிழிக்கப் போகிறது என்று மேலிருந்து தெரியவில்லை. எல்லாவற்றிலும் பழுப்புக் கறை. ஒன்றை இரண்டு விரலால் பிடித்தாள். தூக்கப் பயந்து கையை எடுத்தாள்.

"டார்லா!"

வாசலில் யாரோ அவசரமாக எழுந்திருக்கும் சத்தம். கதவு. காலடி. டார்லா நிலையில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கர்ட்டிஸ். அவன் நிலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அப்பா இருந்தவரை அவன் நின்ற இடம் அது.

"என்னம்மா?"

"விளக்கைப் பிடி."

டார்லா மேசைக்கு வந்தாள். டார்ச்சை எடுத்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள். கைக்குட்டையில் இருந்ததைப் பார்த்தாள். டார்ச் வெளிச்சம் கைக்குட்டையிலேயே நின்றது.

"நேரா பிடி. இங்க."

வெளிச்சம் டப்பாவுக்குள் விழுந்தது. நோரீன் தன் கட்டைவிரலை அந்த வெளிச்சத்தில் நீட்டினாள். பழுப்பு. டார்லா விரலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

வெளியே வான் டிரக்கின் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

நோரீன் திட்டவில்லை. அழவில்லை. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டாள். புடைத்து அடங்கிய அந்த முட்டையின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்தாள். திருப்பத் தயாராக, திருப்பாமல்.

"டார்லா, நீ இதைத் தொடறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம்டி மேல இருந்தது?"